டேட்டாபேஸ் பெயருக்கு எந்த வேரியபிள்: டிக்ளேரா, செட்வாரா?

நெல்லித்தோப்பில் இருந்துகொண்டு கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் போட்டுத் தருகிறேன். எங்கள் எஸ்கியூஎல் சர்வரில் (மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸ் மென்பொருள்) கடைக்கு ஒரு டேட்டாபேஸ். முன்பெல்லாம் அதை உருவாக்கும் ஸ்கிரிப்டில் (கட்டளைகள் எழுதிய கோப்பு) பழைய கடைப் பெயரைத் தேடி, புதுப் பெயரை மாற்றிப் போட்டு ஓட்டுவேன். கடலூர் மஞ்சக்குப்பத்து மருந்துக்கடைக்குப் போட்டபோது எந்த டேட்டாபேஸில் வேலை செய்ய வேண்டும் என்று சொல்லும் 'யூஸ்' வரி ஒன்று மட்டும் பழைய பெயரோடு மாறாமல் நின்றுவிட்டது. அடுத்த வரியே 'டேபிள் இருந்தால் நீக்கு'. திருப்பாதிரிப்புலியூர் கடையின் ஸ்டாக் டேபிள் போயே போய்விட்டது. முந்தைய இரவு பேக்கப்பை ஏற்றி, அன்றைய பில்களை நகல் பார்த்து ஒவ்வொன்றாக அடித்தோம்.

அதன்பிறகு பெயரை வேரியபிளில் வைக்க முடிவு செய்தேன். வழி இரண்டு.

முதலாவது, 'டிக்ளேர்' போட்டு, எஸ்கியூஎல் சர்வரின் மொழியான டி-எஸ்கியூஎல்லிலேயே ஒரு வேரியபிள். 'கிரியேட் டேட்டாபேஸ்' வேரியபிளை நேரடியாக ஏற்காது. கட்டளையைச் சரமாக (ஸ்ட்ரிங்) கோத்து, 'எக்ஸெக்' போட்டு ஓட்ட வேண்டும். பெயரை 'கோட்நேம்' என்ற ஃபங்க்ஷன் சதுர அடைப்புக்குள் பத்திரமாக வைத்துவிடும். டேட்டாபேஸை உருவாக்குவதோடு வேலை முடிந்தால் இது போதும்.

இரண்டாவது, ஸ்கிரிப்டை கமாண்ட் லைனில் ஓட்டும் கருவியான எஸ்கியூஎல்சிஎம்டி வழி. மேலே 'செட்வார்' என்று ஒரு வரி. கீழே பெயர் வரும் இடமெல்லாம் டாலர் போட்டு, அடைப்புக்குள் வேரியபிள் பெயர். நான் இதன் பக்கம்தான். காரணம் பராமரிப்பு. ஸ்கிரிப்டைப் பேட்ச்களாக (ஒரே தடவையில் சர்வருக்குப் போகும் கட்டளைத் தொகுப்பு) பிரிக்கும் 'கோ' வந்ததும் டிக்ளேர் வேரியபிள் செத்துவிடும். வியூ (சேமித்து வைத்த க்வெரி), ப்ரொசீஜர் (சேமித்து வைத்த கட்டளைத் தொகுப்பு) இவற்றை உருவாக்கும் கட்டளை ஒவ்வொன்றும் தன் பேட்சில் முதல் வரியாக வர வேண்டும் என்பதால் 'கோ' போடாமலும் முடியாது. ஆகவே எல்லாவற்றையும் சரத்துக்குள் திணிக்க வேண்டும். ஒற்றை மேற்கோள் இரண்டாகும், சரத்துக்குள் சரம் வந்தால் நான்காகும். உள்ளே போட்ட 'யூஸ்' அந்தச் சரத்தோடு முடிந்துவிடும். ஆறு மாதம் கழித்து அதைத் திறந்து திருத்தியவனுக்குத்தான் அந்த அவஸ்தை தெரியும். செட்வாரிலோ, சர்வருக்குப் போகும் முன்பே பெயர் மாறிவிடுகிறது. எத்தனை 'கோ' வந்தாலும் கவலையில்லை. கடலூரிலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் தம்பி முதல் நாளே சொன்னான்: "மேல ஒரு வரிதானே அண்ணா, நானே மாத்திடுறேன்."

இரண்டு விஷயம் கவனியுங்கள். எஸ்கியூஎல் சர்வரைக் கையாளும் மேனேஜ்மென்ட் ஸ்டுடியோவில் க்வெரி மெனுவில் எஸ்கியூஎல்சிஎம்டி மோடை இயக்காவிட்டால் முதல் வரியிலேயே எரர். கமாண்ட் லைனில் பெயர் கொடுத்தாலும், ஸ்கிரிப்டுக்குள் இருக்கும் செட்வார்தான் ஜெயிக்கும். அதனால் பிறகு அந்த செட்வார் வரியை எடுத்துவிட்டு, பெயரை கமாண்ட் லைனிலேயே கொடுக்கிறேன். இப்போது பெயர் கொடுக்க மறந்தால் ஸ்கிரிப்ட் ஓடாது.

நான் பார்த்தது இருபது கடைக்குள்தான். வாடிக்கையாளரே திரையில் பெயர் தட்டி டேட்டாபேஸ் உருவாக்கும் மென்பொருள் என்றால் கோட்நேமோடு முதல் வழிக்கே போங்கள். செட்வார் வெறும் எழுத்து மாற்றம், அதில் எந்தக் காப்பும் இல்லை.