எஸ்ஸெக்ஸ் கப்பலின் கதை: 1821ஆம் ஆண்டு முதற்பதிப்பா, பிற்காலப் பதிப்புகளா?

1820 நவம்பர் 20 அன்று, பசிபிக் பெருங்கடலின் நடுவே, அமெரிக்காவின் நான்டக்கெட் தீவைச் சேர்ந்த எஸ்ஸெக்ஸ் என்னும் திமிங்கில வேட்டைக் கப்பலை ஒரு ஸ்பெர்ம் திமிங்கிலம் இருமுறை மோதி மூழ்கடித்தது. அந்தக் கதையை நூலாகத் தேடுபவருக்கு இன்று முக்கியமாக மூன்று வழிகள் உள்ளன. கப்பலின் முதல் துணை அதிகாரியான ஓவன் சேஸின் பெயரில், நியூயார்க்கில் டபிள்யூ. பி. கில்லி 1821இல் வெளியிட்ட முதற்பதிப்பு ஒன்று. 1935இல் கோல்டன் காக்கெரல் அச்சகம் 275 படிகள் மட்டும் அச்சிட்ட பதிப்பு மற்றொன்று. சேஸின் நூலோடு, அதே கப்பலில் இருந்த தாமஸ் நிக்கர்சனின் நினைவுக்குறிப்பையும் இணைத்துப் பெங்குவின் 2000இல் கொண்டுவந்த சாதாரண அட்டைப் பதிப்பு மூன்றாவது.

முதற்பதிப்பு 128 பக்கங்களே கொண்ட சிறிய நூல். அதன் மதிப்பு முதலில் காலத்தின் அண்மையில் இருக்கிறது. மூன்று படகுகளில் ஏறிய 20 பேரில் 8 பேரே உயிரோடு மீண்டனர். சேஸின் படகை இந்தியன் என்ற ஆங்கிலக் கப்பல் 1821 பிப்ரவரி 18 அன்று கண்டு மீட்டது. அவர் ஜூன் மாதம் ஊர் திரும்பினார். அதே ஆண்டுக்குள் நூல் அச்சாகிவிட்டது. படகில் இருந்தபோதே தாளும் பென்சிலும் வைத்துக் குறிப்பெழுத முயன்றதாக அவர் கூறுகிறார். நாள்களும் உணவுப் பங்கீடும் காற்றின் திசையும் இவ்வளவு துல்லியமாகப் பதிவானதற்கு அதுவே காரணமாக இருக்க வேண்டும். எழுத்து நடை மட்டும் ஒரு கடலோடியின் கையிலிருந்து நேராக வந்ததாகத் தோன்றவில்லை. எழுதத் தெரிந்த வேறொருவர் உதவியிருப்பார் என்றே ஆய்வாளர்களும் கருதுகின்றனர்.

இந்நூலின் அருமை இன்று நேற்று தொடங்கியதல்ல. பின்னாளில் நாவலாசிரியரான ஹெர்மன் மெல்வில், இளம் வயதில் வேட்டைக்கப்பலில் பணியாற்றியபோது, சேஸின் மகனையே கடலில் சந்தித்து அவரிடமிருந்து இந்நூலை இரவல் வாங்கிப் படித்தார். பின்னர் 1851இல், திமிங்கில வேட்டையைப் பற்றிய ‘மோபி டிக்’ நாவலை எழுதிக்கொண்டிருந்த காலத்தில், அவருடைய மாமனார் லெமுவல் ஷா நான்டக்கெட்டில் சொல்லிவைத்து ஒரு படியைத் தேடிப் பெற்றுக் கொடுத்தார். அதுவும் முழுமையற்ற படியே. வெளியாகி முப்பதே ஆண்டுகளில், சேஸின் சொந்த ஊரிலேயே, நல்ல படி கிடைப்பது அரிதாகிவிட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. மெல்வில் தம் குறிப்புகளைச் சேர்த்து வைத்திருந்த அந்தப் படி இப்போது ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் நூலகத்தில் உள்ளது.

ஆனால் முதற்பதிப்பு என்பதாலேயே அது முழு உண்மை ஆகிவிடாது. நிக்கர்சனை அருகில் வைத்துப் படிக்கும்போதுதான் சேஸ் எவற்றைச் சொல்லாமல் விட்டார் என்பது தெரிகிறது. 14 வயதில் கப்பலேறிய நிக்கர்சன், திமிங்கிலம் வந்த வேளையில் சுக்கான் பிடித்திருந்தவர். பிறகு சேஸின் படகிலேயே உயிர் பிழைத்தவர். முதல் மோதலுக்குப் பின் திமிங்கிலம் கப்பலை ஒட்டிக் கிடந்தபோது சேஸ் ஈட்டியை ஓங்கினார் என்றும், அதன் வால் சுக்கானுக்கு மிக அருகில் இருந்ததால், சுக்கான் உடைந்துவிடும் என்று அஞ்சிக் கையை இறக்கிக்கொண்டார் என்றும் அவர் எழுதுகிறார். சேஸின் நூலில் இது இல்லை. கப்பல் மூழ்கியபின் கேப்டன் ஜார்ஜ் பொல்லார்டு சொசைட்டி தீவுகளை நோக்கிச் செல்லவே விரும்பினார் என்பதும், அங்கே நரமாமிசம் தின்பவர்கள் இருப்பார்கள் என்ற அச்சத்தால் துணை அதிகாரிகள் அதை மறுத்துத் தென்னமெரிக்காவை வலியுறுத்தினர் என்பதும் நிக்கர்சன் வழியாகவே தெளிவாகின்றன. அந்த ஒரு முடிவுதான் அவர்களை ஏறத்தாழ மூன்று மாதங்கள் கடலில் அலையவைத்து, இறுதியில் தங்கள் தோழர்களின் உடலையே உண்ணும் நிலைக்குத் தள்ளியது. அம்முடிவில் தமக்கிருந்த பங்கை, அடுத்த கப்பலில் வேலை தேடவேண்டிய நிலையில் இருந்த ஓர் அதிகாரி அடக்கிச் சொன்னதைப் புரிந்துகொள்ள முடிகிறது. அதற்காக அதைக் கவனிக்காமல் கடந்துவிடக் கூடாது.

நிக்கர்சனுக்கும் குறை உண்டு. அவர் எழுதியது 1876இல், சம்பவம் நடந்து அரை நூற்றாண்டுக்கும் மேலான பிறகு. அந்தக் கையெழுத்துப்படி 1960 வரை யார் கண்ணிலும் படாமல் கிடந்து, 1980இல்தான் அதன் முக்கியத்துவம் உணரப்பட்டு, 1984இல் சுருக்க வடிவில் நான்டக்கெட் வரலாற்றுக் கழகத்தால் வெளியிடப்பட்டது. எனவே நாள், தொலைவு, திசை ஆகியவற்றில் நான் சேஸையே நம்புவேன். யார் என்ன முடிவெடுத்தார் என்பதில் நிக்கர்சனின் பக்கம் சாய்வேன்.

1935ஆம் ஆண்டுப் பதிப்பைப் பற்றி நீளச் சொல்ல வேண்டியதில்லை. ராபர்ட் கிப்பிங்ஸின் மரச்செதுக்குப் படங்களோடு அமைந்த அழகிய நூல் அது. படகுகள் வழியில் கரையேறிய ஹெண்டர்சன் தீவிலேயே தங்கிவிட்ட மூவரில் ஒருவரான தாமஸ் சாப்பலின் கூற்றும், பொல்லார்டு பிறரிடம் சொன்னதும் அதில் சேர்ந்திருப்பது சேஸின் முதற்பதிப்பில் இல்லாத நன்மை. நிக்கர்சன் கண்டெடுக்கப்படுவதற்கு முன்பே அச்சானதால் அவருடைய குரல் அதில் இல்லை.

நடந்ததை அறிய விரும்புகிறவர் தயங்காமல் 2000ஆம் ஆண்டுப் பதிப்பை வாங்கலாம். அச்சுக்கலையில் ஈடுபாடு உள்ளவருக்கு 1935ஆம் ஆண்டுப் படி நிறைவு தரும். அமெரிக்கக் கடல் வரலாற்றையோ மெல்விலையோ மையமாகக் கொண்ட நூலகத்துக்கு 1821ஆம் ஆண்டு முதற்பதிப்புக்கு மாற்றே கிடையாது. ஆனால் வாங்குமுன் 128 பக்கங்களையும் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்க வேண்டும். விடுபட்ட தாள்களுக்கு ஈடாக நகல் தாள்கள் செருகப்பட்டிருக்கின்றனவா என்றும் தாளின் நிறத்தையும் தடிமனையும் ஒப்பிட்டுச் சோதிக்க வேண்டும். அட்டை பிற்காலத்தில் மாற்றப்பட்டிருந்தால் விலை குறையுமே தவிர, சாட்சியம் குறையாது. உள்ளே தாள் குறைந்த படியை முழுப்படியின் விலைக்கு எவரும் வாங்கக் கூடாது.