டிரைவ் ஷாஃப்ட்டைக் கழற்ற பால் ஜாயிண்ட் வழியா, ஸ்ட்ரட் வழியா?

முன்சக்கர டிரைவ் ஷாஃப்ட் (கியர்பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு) வேலையில், அதைச் சக்கர மையமான ஹப்போடு பிடித்திருக்கும் ஹப் நட்டைக் கழற்றியதும் பாதி முடிந்தது என்று தோன்றும். ஆனால் ஹப்பைத் தாங்கும் நக்கிளை வெளிப்பக்கம் சாய்த்தால்தான் ஷாஃப்ட் முனை ஹப்பை விட்டு வரும். மெக்பர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) உள்ள வண்டி என்றால் அதற்கு இரண்டு வழி: கீழே நக்கிளை லோயர் ஆர்மோடு இணைக்கும் பால் ஜாயிண்டைப் பிரிக்கலாம், இல்லை மேலே ஸ்ட்ரட்டையும் நக்கிளையும் சேர்த்துப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டைக் கழற்றலாம்.

பால் ஜாயிண்ட் தண்டை ஒரு குறுக்கு போல்ட் மட்டும் பிடித்திருந்தால் நான் கண்ணை மூடிக்கொண்டு கீழ்வழிதான் போவேன். போல்ட்டை முழுசாக உருவிவிட்டு (தண்டில் அதற்கென்று பள்ளம் இருக்கும், பாதி உருவினால் அசையாது) லோயர் ஆர்மை லீவரால் அழுத்தினால் போதும், கேம்பரும் (சக்கரம் உள்ளே, வெளியே சாய்ந்திருக்கும் கோணம்) கலையாது. தண்டு கூம்பு வடிவமாக இருந்தால் கதை வேறு, அது துருவோடு இறுகிக் கிடக்கும். கவட்டைக் கருவியை (இரண்டு பல் உள்ள ஆப்பு) அடித்து இறக்கினால் பிரியும், கூடவே ஜாயிண்டின் ரப்பர் உறையும் கிழியும். ஷாஃப்ட் மாற்றப் போய் பால் ஜாயிண்டும் சேர்த்து வாங்கிய அனுபவம் எனக்கு உண்டு.

அந்த மாதிரி வண்டிக்கு ஸ்ட்ரட் வழி நிம்மதி. முதலில் ஸ்ட்ரட்டில் மாட்டியிருக்கும் பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் வயர் இரண்டையும் விடுவிக்க வேண்டும், மறந்தால் நக்கிள் சாயும்போது அவைதான் இழுபடும். போல்ட் ஓட்டையில் கொஞ்சம் இடைவெளி இருப்பதால் திரும்ப மாட்டும்போது கேம்பர் மாறலாம். கழற்றும் முன் கோடு கீறி வைத்தாலும் அப்புறம் அலைன்மென்ட் பார்ப்பதே நல்லது. ஸ்ட்ரட் நக்கிளுக்குள் சொருகிய வகை என்றால் இந்த வழியை யோசிக்கவே வேண்டாம்.

கியர்பாக்ஸுக்குள் இருக்கும் உள்முனைக்கு எந்த வழியும் ஒன்றுதான். ஷாஃப்ட்டைப் பிடித்து இழுக்கக் கூடாது, உள் ஜாயிண்டே கழன்று பிரிந்துவிடும்; கியர்பாக்ஸுக்கும் ஜாயிண்டுக்கும் நடுவே லீவரைக் கொடுத்துத்தான் நெம்ப வேண்டும். ஆயில் வழியும், கீழே தட்டு வையுங்கள். மாட்டும்போது புது சர்க்ளிப் (ஷாஃப்ட் முனையைப் பூட்டும் கம்பி வளையம்) போட்டு, முனையிலுள்ள ஸ்பிளைன் பற்கள் ஆயில் சீலைக் கீறாமல் நேராக நுழைக்கணும். ‘டக்’ என்று உட்கார்ந்ததும் ஜாயிண்ட் கூட்டைக் கையால் இழுத்துப் பாருங்கள், வரக் கூடாது. ஹப் நட்டும் புதுசுதான். ஒருவர் பிரேக்கை மிதிக்க, சக்கரம் தரையில் எடை தாங்கும் முன்பே மேனுவலில் உள்ள டார்க்குக்கு (இறுக்கும் அளவு) இறுக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் பேரிங் போய்விடும்.