கோலாலம்பூரில் ஒரு கூட்டுக் கிளினிக்: இனிப்புநீரால் சிறுநீரகம் பாதித்த கர்ப்பிணிகளுக்கு

என் தங்கைக்கு 14 ஆண்டுகளாக இனிப்புநீர், அதாவது நீரிழிவு. சிறுநீரில் புரதம் கசியத் தொடங்கி மூன்றாண்டுகள் ஆகின்றன. அவள் தாயாக விரும்பியபோது நாங்கள் நாடியது, மகப்பேறு, நீரிழிவு, சிறுநீரக மருத்துவர்கள் மூவரும் ஒரே நாளில் பார்க்கும் ஓர் அரசு மருத்துவமனைக் கிளினிக்கை.

கருத்தரிப்பதற்கு முன்பே வரச் சொல்வதுதான் இச்சேவையின் பெருஞ்சிறப்பு. முதல் நாளிலேயே மருத்துவர் அவளுடைய மருந்துப் பையை மேசையில் கொட்டச் சொல்லி, ஒவ்வோர் அட்டையாக எடுத்துப் பார்த்தார். பெரிண்டோபிரில் என்னும் இரத்த அழுத்த மாத்திரை அவளுடைய சிறுநீரகத்தைக் காக்கும் மருந்தே ஆனாலும், வயிற்றில் வளரும் குழந்தையின் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது என்று விளக்கி, அதற்குப் பதிலாக லபெட்டலால் என்னும் வேறோர் இரத்த அழுத்த மருந்தை எழுதினார். கொழுப்பு மாத்திரையையும் நிறுத்தி, 5 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் கொடுத்தார். அந்த மாத்திரைகளை அதுவரை எழுதித் தந்த தனியார் கிளினிக்கில், குழந்தை பெறும் எண்ணம் உண்டா என்று ஒருமுறைகூட யாரும் கேட்டதில்லை. அது இன்றும் என்னை வருத்துகிறது. இரண்டு மூன்று மாதங்களின் சராசரி இரத்தச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 8.4 விழுக்காட்டிலிருந்து 6.5க்குக் கீழ் இறங்கும்வரை ஐந்து மாதம் காத்திருக்கச் செய்து, கண் விழித்திரையையும் சோதித்தார்கள்.

கருத்தரித்தபின் இன்சுலினும், 12ஆம் வாரத்தில், கர்ப்பத்தில் இரத்த அழுத்தம் ஆபத்தாக ஏறும் பிரீஎக்லாம்சியாவைத் தடுக்கக் குறைந்த அளவு ஆஸ்பிரினும் தொடங்கின. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டும் இரத்தக் கழிவான கிரியாட்டினின், கர்ப்ப காலத்தில் இயல்பாகவே குறையும் என்பதால், மற்றவர்களுக்குச் 'சரி' எனப்படும் எண்கூடக் கர்ப்பிணிக்கு எச்சரிக்கையாக இருக்கலாம் என்பதை மருத்துவர் தாளில் கோடு வரைந்து காட்டியபோதுதான், மாதாமாதம் இரத்தம் எடுப்பதன் பொருள் எங்களுக்கு விளங்கியது. ஒரு முழு நாளின் சிறுநீரைச் சேகரித்த பெரிய புட்டியைத் துணியில் சுற்றி, செந்தூலிலிருந்து இரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்த காலைகளை நான் மறக்கமாட்டேன். இரத்த அழுத்தம் ஏறியதால் 36ஆம் வாரத்தில் அறுவை செய்து குழந்தையை எடுத்தார்கள், 2.4 கிலோ. தாய்ப்பால் கொடுக்கையிலும் எடுத்துக்கொள்ளலாம் என்று, பெரிண்டோபிரில் வகையைச் சேர்ந்த எனாலாபிரிலைத் தந்து, சிறுநீரகச் சோதனைக்கும் நாள் குறித்தார்கள்.

குறைகளும் உண்டு. இன்சுலின் போடும் கர்ப்பிணியை நான்கு மணி நேரம் காக்க வைப்பது முறையன்று. வேளைக்கு உண்ணவாவது அழைத்துச் சொல்ல வேண்டும். உணவு அட்டை மலாயிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே இருந்ததால், சமைக்கும் எங்கள் அம்மாவுக்கு அது பயன்படவில்லை. தமிழ்த் தாதி ஒருவர் அதன் பின்புறத்தில் தோசை, இடியாப்பம், சோறு ஆகியவற்றின் அளவைக் கையால் எழுதித் தந்தார். அதைக் கிளினிக்கே அச்சிட்டுத் தர வேண்டும்.