ஒரே பெயரில் இரண்டு கண்ட்ரோலர்: எஸ்டிஎல்லோடு ஆறு வருடம்

நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்து ஆடும் ஒரு சின்ன கேமை வின்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றுக்கும் எழுதி ஆறு வருடமாகப் பராமரித்து வருகிறேன். கையில் பிடித்து ஆடும் கண்ட்ரோலர் சம்பந்தப்பட்ட வேலை முழுவதும் எஸ்டிஎல் (SDL) என்ற, கேம் எழுதுவோருக்கான நிரல் நூலகத்தின் பொறுப்பு. இத்தனை வருடத்தில் எனக்கு அதிகம் வேலை வைத்தது, செருகியிருக்கும் கண்ட்ரோலர் எது என்று பெயரைச் சொல்லிக் காட்டுவதுதான்.

முதல் பதிப்பில் பட்டன் அமைப்புகளைக் கண்ட்ரோலரின் பெயரை வைத்தே சேமித்தேன். தப்பு என்னுடையது. லினக்ஸில் சோனியின் பிளேஸ்டேஷன் கண்ட்ரோலரான டூயல்ஷாக் 4-ஐ புளூடூத்தில் இணைத்தால் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) சொல்லும் பெயர் 'வயர்லெஸ் கண்ட்ரோலர்', அவ்வளவுதான். அதையே கேபிளில் செருகினால் முன்னால் சோனியின் பெயரும் சேர்ந்து வரும். சாதனம் ஒன்று, பெயர் இரண்டு. சேமித்த அமைப்பு காணாமல் போகும். வின்டோஸில் கண்ட்ரோலர்களைப் படிக்க மைக்ரோசாஃப்ட் தரும் எக்ஸ்இன்புட் வழியாகப் போனால் பெயரே கிடைக்காது, நாலு கண்ட்ரோலருக்கான நாலு இடம் மட்டும்தான்.

பிறகு ஜியுஐடிக்கு (GUID), அதாவது கண்ட்ரோலர் வகையை அடையாளம் காட்ட எஸ்டிஎல் தரும் குறியீட்டுக்கு, மாறினேன். 32 எழுத்து நீளம். எந்த இணைப்பு, எந்தத் தயாரிப்பாளர், எந்த மாடல் என்பதெல்லாம் அதற்குள் இருக்கும். எந்தக் கண்ட்ரோலரில் எந்தப் பட்டன் எது என்று பலர் சேர்ந்து வளர்க்கும் மேப்பிங் பட்டியலும் இதை வைத்துத்தான் பொருத்துகிறது. நிம்மதியாக இருந்தேன். 2022-இல் பெயரின் சிஆர்சியும் (பெயரிலிருந்து கணக்கிடும் ஒரு சரிபார்ப்பு எண்) அதற்குள் சேர்ந்தது. பழைய ஜியுஐடியை அப்படியே ஒப்பிட்ட என் நிரல் மறுபடி தடுமாறியது. இப்போது தயாரிப்பாளர் எண், மாடல் எண் இரண்டை மட்டும் பிரித்தெடுத்து ஒப்பிடுகிறேன். யார் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்.

ஆனால் ஒரே மாடலில் இரண்டு இருந்தால் இதுவும் போதாது. போன விடுமுறையில் அக்கா பிள்ளைகள் வந்திருந்தார்கள். திரையில் 'வயர்லெஸ் கண்ட்ரோலர்' என்று ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு வரி. சின்னவன் கண்ட்ரோலரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "மாமா, இதுல என்னுது எது?" என்றான். என்னிடம் பதில் இல்லை.

அன்று ராத்திரியே அந்தத் திரையை மாற்றினேன். எந்தப் பட்டனை அழுத்தினாலும் அந்தக் கண்ட்ரோலருக்குரிய வரி மின்னும். டூயல்ஷாக்கின் விளக்குப் பட்டைக்கு எஸ்டிஎல் வழியாகவே நிறம் கொடுக்கலாம் என்பதால், வரிக்கும் விளக்குக்கும் ஒரே நிறம். அடுத்த முறை ஆளை நினைவில் வைக்க சீரியல் எண்ணைச் சேமிக்கிறேன்; டூயல்ஷாக்கில் அது புளூடூத் முகவரிதான். மலிவு யூஎஸ்பி பேட்களில் பெரும்பாலும் சீரியலும் இருக்காது, விளக்கும் இருக்காது. தயாரிப்பாளர் எண் 0079 என்று வரும் இரண்டு பேட் என்னிடம் இருக்கின்றன. அவற்றுக்கு பட்டன் அழுத்துவது ஒன்றே வழி.

இன்னொன்று: எஸ்டிஎல் 2-இல் கண்ட்ரோலர் சேரும்போது வரும் எண் வரிசை எண், கழலும்போது வருவது வேறு எண். இரண்டையும் ஒன்றென்று நினைத்து, ஒருவர் கேபிளைப் பிடுங்கினால் இன்னொருவர் ஆட்டத்திலிருந்து வெளியேறும்படி எழுதி வைத்திருந்தேன். 2025-இல் வந்த எஸ்டிஎல் 3-இல் இரண்டுக்கும் ஒரே எண்தான். அதற்காகவே முழு நிரலையும் மாற்றினேன்; ஒரு வாரம் பிடித்தது, வருத்தமில்லை.

சின்னவனுக்கு இப்போது பச்சை. வந்ததும் பட்டனை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறான்.