தடவிப் பார்த்து வாங்காதீர்கள்: நீச்சலுடைக்கு நைலோனா, பொலியெஸ்டரா?

மகளின் முதல் நீச்சலுடையை வெள்ளவத்தையில் ஒரு கடையில் கையால் தடவிப் பார்த்துத்தான் வாங்கினேன். சேலைத் துணி பார்த்துப் பழகிய கை, வேறென்ன செய்யும். மெத்தென்று, பளபளவென்று, நல்ல கடல் நீலம். வாரத்தில் நான்கு நாள், விடியக்காலை ஐந்தரைக்கு நீச்சல் தடாகத்தில் பயிற்சி. நான்காவது மாதம் பின்பக்கம் தொங்கத் தொடங்கி, வெளிச்சத்தில் பிடித்தால் என் விரல்கள் தெரிகிற அளவுக்குத் துணி மெலிந்து, நீலம் சாம்பலாகி, கடைசியில் "அம்மா, இதைப் போட்டுக்கொண்டு நான் இனிப் போகமாட்டேன்" என்று பிள்ளை சொல்லிவிட்டாள்.

அதற்குப் பிறகுதான் உள்ளே தைத்திருந்த சின்ன லேபலை ஒழுங்காகப் படித்தேன். 80 சதவீதம் பொலிஅமைட், 20 சதவீதம் எலாஸ்டேன். பொலிஅமைட் என்றால் வேறொன்றுமில்லை, நம்முடைய நைலோன்தான். எலாஸ்டேன், ஸ்பான்டெக்ஸ், லைக்ரா எல்லாம் ஒரே சாமான், லைக்ரா என்பது அதன் பிராண்ட் பெயர். கடைகளில் தொங்கும் நீச்சலுடைகளில் பெரும்பாலானவை இந்தக் கலவை அல்லது இதற்குக் கிட்டவான ஒன்று. உடம்போடு ஒட்டி நிற்கும், இழுத்தால் நன்றாக விரியும், தோலில் உறுத்தாது. போட்டுப் பார்க்கும் அறையில் இதை அடிக்க வேறு துணி கிடையாது.

ஆனால் குளோரின் இருக்கிறதே. பராமரிக்கிற தடாகத்தில் தண்ணீரில் ஒரு லீற்றருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் வரை குளோரின் இருக்கும், கேட்க ஒன்றுமில்லாத அளவு. எலாஸ்டேன் என்பது பொலியூரிதேன் இழை, குளோரின் அந்தச் சங்கிலியைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கிறது. இழை அறுந்தால் துணி விரியும், திரும்பிச் சுருங்காது. அதுதான் தொங்கல். நைலோனும் குளோரினுக்குப் பலசாலி இல்லை, அதில் ஏற்றியிருக்கும் சாயமும் சீக்கிரம் வெளிறும். அப்புறம் நாங்கள் செய்கிற வேலை ஒன்று இருக்கிறது: பயிற்சி முடிந்ததும் ஈர உடுப்பைத் துவாயோடு சுருட்டி ஷொப்பிங் பையில் போட்டு, ஸ்கூல் வானில் ஏற்றி, பின்னேரம் வீட்டுக்கு வந்துதான் வெளியில் எடுக்கிறோம். அத்தனை மணி நேரமும் குளோரின் உள்ளேயிருந்து தன் வேலையைப் பார்க்கிறது.

எதிர்த்தரப்பு பொலியெஸ்டரும் பிபிடியும் கலந்த துணி. பிபிடி என்பதும் ஒருவகைப் பொலியெஸ்டர்தான், நீள்கிற குணம் அந்த இழையின் சுருளிலேயே இருக்கிறது, அதனால் எலாஸ்டேன் தேவைப்படுவதில்லை. எலாஸ்டேன் இல்லையென்றால் குளோரின் அறுப்பதற்குப் பெரிதாக எதுவும் இல்லை. பொலியெஸ்டர் தண்ணீரையும் அவ்வளவாக உறிஞ்சாது. சாதாரணக் காற்றில் நைலோன் தன் எடையில் ஏறத்தாழ 4 சதவீதம் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும், பொலியெஸ்டர் 0.4 சதவீதம் மட்டும். கொழும்பின் புழுக்கத்தில், மழை நாளில் பல்கனிக் கம்பியில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் காயப்போட்டுப் பாருங்கள், எது முதலில் காய்கிறது என்று கணக்கே தேவையில்லை.

இதன் குறை, கடையில் தடவும்போது பிடிக்காது. கொஞ்சம் மொரமொரப்பு, பளபளப்பு குறைவு, முதல் வாரம் தோள்பட்டையில் இறுக்குகிறது என்று முணுமுணுப்பு. நைலோன் அளவுக்கு நீளாது, ஆகவே "வளருகிற பிள்ளைதானே" என்று ஒரு சைஸ் பெரிதாக வாங்கினால் இடைவெளியில் தண்ணீர் புகுந்து பாய்மாதிரி இழுக்கும். சின்னதாக வாங்கினால் போடவே முடியாது. சரியான அளவுதான். விலையும் கூட, நான் முதலில் வாங்கியதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு கொடுத்தேன். இருந்தும் அதே தடாகம், அதே நான்கு நாள், ஒரு வருடம் தாண்டியும் துணி இறுக்கமாக நிற்கிறது. நிறம் கொஞ்சம் மங்கியிருக்கிறது, பொய் சொல்லக்கூடாது.

இரண்டுக்கும் நடுவில் பொலியெஸ்டரோடு எலாஸ்டேன் கலந்தது ஒன்று வரும். நிறம் நிற்கும், ஆனால் எலாஸ்டேன் எலாஸ்டேன்தான், அது போகும். குளோரினைத் தாங்கும் விசேஷ லைக்ரா போட்டதென்றால் இன்னும் கொஞ்சக் காலம் தாங்கும். வாரத்தில் ஒரு நாள் போகிறவருக்கு இது போதும்.

கடலுக்கு வந்தால் என் தீர்ப்பு தலைகீழ். கல்கிசையில் ஞாயிற்றுக்கிழமை அலையில் நிற்கிறவருக்கு, வருடத்தில் இரண்டு தடவை பாசிக்குடா போகிறவருக்கு நைலோன் லைக்ராவே நல்லது. அங்கே குளோரின் இல்லை, இருப்பது மணலும் உப்பும் வெயிலும். உரசலைத் தாங்குவதில் நைலோன் கெட்டி, மணலில் இருந்து எழுந்தாலும் சீக்கிரம் நூல் எழும்பாது. வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசினால் போதும். குளிர் தாங்கும் தடித்த ரப்பர் துணியான நியோப்ரீன் பற்றி ஒருவர் கேட்டார்: இங்கே கடல் வருடம் முழுக்க வெதுவெதுப்பு, அது குளிர் நாட்டுக்காரருக்கு.

உடம்பு மூடித்தான் இறங்குவேன் என்கிறவர்கள் நம்மில் நிறையப் பேர், நானும் அந்தக் கட்சி. பருத்தி ரீசேட்டும் லெகின்ஸும் போட்டுத்தான் நெடுங்காலம் கடலில் இறங்கினேன். பருத்தி தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும், வெளியில் வரும்போது கனத்து, உடம்பில் ஒட்டி, மூடவேண்டிய இடத்தையெல்லாம் வரைந்து காட்டும். பல தடாகங்களில் பருத்தியோடு இறங்கவும் விடமாட்டார்கள். முழுக்கை, முழுக்கால் நீச்சலுடை பொலியெஸ்டர் கலவையில் கிடைக்கிறது, அதை வாங்குங்கள். லேபலில் யுபிஎஃப் 50 என்று இருந்தால் புற ஊதாக் கதிரில் ஐம்பதில் ஒரு பங்குதான் துணியைக் கடக்கும் என்று அர்த்தம். நம் உச்சி வெயிலுக்கு அது ஆடம்பரம் இல்லை. வெள்ளை, இளமஞ்சள், இளம் ரோசா பக்கம் போவதென்றால் உள் லைனிங் கட்டாயம், நனைந்தால் அந்த நிறங்கள் காட்டிக்கொடுத்துவிடும். கடையிலேயே இரண்டு கையாலும் இழுத்து விளக்குக்கு நேரே பிடித்துப் பாருங்கள், விட்டதும் டக்கென்று பழைய அளவுக்கு வருகிறதா என்பதையும் சேர்த்து.

புறக்கோட்டையில் யார்க் கணக்கில் துணி வாங்கித் தைப்பிக்கலாமே என்ற யோசனை எனக்கும் வந்தது. வாங்கிக்கொண்டு வந்து, பக்கத்துத் தெருவில் தைக்கிற அக்காவிடம் கொடுத்தேன். "இது ஸ்ட்ரெச் துணிதானே தங்கச்சி, நல்லா வரும்" என்றார். வந்தது. நேர்த் தையலில் சாதாரண நூலில் தைத்திருந்தார், மகள் குனிந்ததும் பக்கத் தையல் படபடவென்று அறுந்தது. இந்தத் துணிக்கு ஓவர்லொக் அல்லது சிக்சாக் தையல், பொலியெஸ்டர் நூல், முனை உருண்ட ஊசி, நீச்சலுடைக்கென்று வருகிற இலாஸ்டிக் எல்லாம் வேண்டும், துணியும் நீளப்பாட்டுக்கும் அகலப்பாட்டுக்கும் விரிய வேண்டும். இதெல்லாம் தெரிந்த கை கிடைத்தால் தையுங்கள். இவ்வளவுக்கும் நம் நாடு உலகத்துக்கே நீச்சலுடை தைத்து அனுப்புகிற நாடு, மாஸ் நிறுவனத்தின் லீனியா அக்வா என்ற கம்பனி அந்த வேலைக்கென்றே இருக்கிறது. தெருமுனைத் தையல் மெஷினுக்கு அந்தக் கைப்பக்குவம் இன்னும் வரவில்லை, அவ்வளவுதான்.

எந்தத் துணி என்றாலும், தடாகத்தில் இறங்குமுன் சவரில் நனைத்துவிட்டு இறங்கச் சொல்லுங்கள், நல்ல தண்ணீரைக் குடித்த துணி குளோரின் தண்ணீரைக் குறைவாகக் குடிக்கும். முடிந்ததும் அங்கேயே அலசல். வொஷிங் மெஷின் வேண்டாம், முறுக்கிப் பிழிய வேண்டாம், நிழலில் காயட்டும்.

இப்போது மகள் ரேசிங் சூட் கேட்கிறாள். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஸ்பீடோ நிறுவனத்தின் எல்இசட்ஆர் ரேசர் சூட் போட்டவர்கள் சாதனைகளைக் கொட்டிக் குவித்ததும், பொலியூரிதேன் சூட்டுகளை ஓரங்கட்டி, 2010 முதல் நூலில் நெய்த அல்லது பின்னிய துணிதான், ஆண்களுக்கு இடுப்பிலிருந்து முழங்கால் வரை, பெண்களுக்குத் தோளிலிருந்து முழங்கால் வரைதான் என்று சர்வதேச நீச்சல் சம்மேளனம் சட்டம் போட்டதும் அவளுக்கு மனப்பாடம். அந்த சூட் போட்டிக்கு மட்டும், தினப் பயிற்சிக்குப் போட்டால் சீக்கிரம் தொங்கிவிடும் என்று சொல்லிப் பார்த்தேன். "அப்ப ரெண்டு வாங்கலாம்" என்கிறாள்.