வேளச்சேரியா, கூடுவாஞ்சேரியா?

சென்னைக்குக் குடும்பத்தோடு வரும் நடுத்தர வருமானக்காரர்கள், நகருக்குள் இருக்கும் வேளச்சேரியா, தெற்குப் புறநகரான கூடுவாஞ்சேரியா என்று யோசிக்கும்போது, முதலில் வாடகையை மட்டுமே பார்க்கிறார்கள். அதில் கூடுவாஞ்சேரிதான் மலிவு, சந்தேகமில்லை. வேளச்சேரியில் இரண்டு படுக்கையறை வீட்டுக்குக் கொடுக்கும் பணத்தில் கணிசமான பகுதி கூடுவாஞ்சேரியில் மிச்சமாகும். முன்பணமும் அதற்கேற்பக் குறையும். 2017 வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாதவரை, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது. இதைச் சொல்லிப் பேரம் பேசுங்கள்.

ஆனால் முடிவு செய்ய வேண்டியது வேலை இருக்கும் திசை. கிண்டி, எழும்பூர், பாரிமுனைப் பக்கம் என்றால் கூடுவாஞ்சேரியே போதும். செங்கல்பட்டு–கடற்கரை மின்சார ரயில் நேராகக் கொண்டுபோய் விடும். மாத சீசன் டிக்கெட் சில நூறு ரூபாயில் முடியும். தென் மாவட்ட ஊர்களுக்குப் போகவும் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் பக்கத்திலேயே.

பழைய மகாபலிபுரம் சாலையில் வேலையா? அந்த ரயில் அங்கே போகாது. இரண்டு பேருந்து மாறி, நெரிசலில் நின்று, இரவு வீடு சேரும்போது பிள்ளைகள் தூங்கியிருப்பார்கள். மிச்சமான வாடகைக்கு அது மிக அதிக விலை. தரமணி வழியாகச் சீக்கிரம் போய்விடலாம் என்பதால் வேளச்சேரியில் சிறிய வீடே நல்லது. அங்கே 2015 வெள்ளம் எந்தத் தெருவில் எவ்வளவு உயரம் நின்றது என்று அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள், தரைத்தளம் வேண்டாம்.

எங்கே போனாலும் இரண்டு கேள்வி: கோடையில் தண்ணீர் லாரிச் செலவு யாருடையது? மின்கட்டணம் தனி மீட்டரிலா, வீட்டுக்காரர் சொல்லும் கணக்கிலா?