பிரவுசர் ஹைஜாக்கர்: ஃபார்மட் அடிப்பதா, கையால் களைவதா?

மதுரை சிம்மக்கல்லிலோ திருமங்கலத்திலோ உள்ள ஜெராக்ஸ் கடையில் குரோமைத் திறந்தால், கூகுளுக்குப் பதில் முன்பின் தெரியாத தேடல் பக்கம் வந்து நிற்கும். இப்படி பிரவுசரின் அமைப்புகளைக் கைப்பற்றும் நிரல்தான் பிரவுசர் ஹைஜாக்கர். பெரும்பாலும் இலவச பிடிஎஃப் கன்வெர்ட்டரோடு ஒட்டிக்கொண்டு வந்ததுதான். "ஃபார்மட் அடிச்சிருங்கண்ணே" என்பார்கள். அவசரப்படாதீர்கள்.

ஃபார்மட் அடித்தால், அதாவது டிஸ்க்கை அழித்து விண்டோஸை மறுபடி போட்டால், விண்டோஸ் சுத்தமாகும். ஆனால் பிரிண்டர் டிரைவர், பாமினி எழுத்துரு, டிஜிட்டல் கையொப்ப டோக்கனுக்கான மென்பொருள் எல்லாம் மறுபடி போட வேண்டும். டெஸ்க்டாப்பில் இருந்த கோப்புகளை நகலெடுக்க மறந்தால் போனதுதான். இவ்வளவுக்குப் பிறகும், பழைய ஜிமெயிலில் சிங்க்கை (கணக்கில் உள்ள குரோம் அமைப்புகளைக் கணினிக்குக் கொண்டுவரும் வசதி) ஆன் செய்ததும் அதே எக்ஸ்டென்ஷன் (பிரவுசரில் ஒட்டிக்கொள்ளும் குட்டி நிரல்) திரும்பி வரலாம்.

கையால் களைய ஒரு மணி நேரம் போதும், வரிசைதான் முக்கியம். முதலில் கண்ட்ரோல் பேனலில் நிரல்களைத் தேதிவாரியாக அடுக்கி, தொல்லை தொடங்கிய நாளில் வந்தவற்றை நீக்குங்கள். பிறகு தெரியாத எக்ஸ்டென்ஷன்களை. அடுத்து குரோம் ரீசெட்: புக்மார்க்கும் பாஸ்வேர்டும் அப்படியே இருக்கும், எக்ஸ்டென்ஷன்கள் அணைந்துவிடும்.

பலர் கோட்டைவிடுவது ஷார்ட்கட்டில். வலது கிளிக், பிராப்பர்ட்டீஸ், டார்கெட் பெட்டியைப் பாருங்கள். 'குரோம்.எக்ஸ்இ'க்குப் பின் இணைய முகவரி ஒட்டியிருந்தால் அதை மட்டும் அழியுங்கள். குறித்த நேரத்தில் நிரல்களைத் தானாக இயக்கும் டாஸ்க் ஷெட்யூலரையும் பார்த்துவிடுங்கள். நீக்கியதை மறுபடி கொண்டுவருவது பல நேரம் அங்கேதான் இருக்கும். சொந்தக் கணினியிலேயே "உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது" என்று குரோம் காட்டினால், விண்டோஸின் அமைப்புகள் சேமிக்கப்படும் ரெஜிஸ்ட்ரியில் பாலிசி (குரோமைக் கட்டுப்படுத்தும் விதி) புகுந்திருக்கலாம். ரீசெட் அதைத் தொடாது.

கையால் களைவதே எங்கள் தேர்வு. ஆன்டிவைரஸ் தானாக அணைந்தாலோ, பாஸ்வேர்டு திருடும் நிரல் சிக்கினாலோ மட்டும் ஃபார்மட்.